எண்ணூரிலிருந்து எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் தூரமா, துபாய் தூரமா? டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சிங்கப்பூர்தான் வெகுதூரம் என்று தோன்றும். இரவு 10 மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே விடிகாலை 4.45 ஆகியிருக்கும். அதே 10 மணிக்கு துபாய்க்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது நள்ளிரவு 12.45தான். ஒன்று ஆறே முக்கால் மணி நேரம், மற்றொன்று இரண்டே முக்கால் மணி நேரம் என்று காகிதம் சொல்கிறது. உண்மையில் இரண்டு ஊர்களும் சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம், 2,900 கிலோமீட்டரை ஒட்டி. இரண்டுக்கும் பறக்கும் நேரமும் நாலே கால் மணிக்கு முன்னே பின்னேதான். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, துபாய் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது. வித்தியாசம் அவ்வளவும் கடிகாரத்தில் இருக்கிறது. இதைப் பலமுறை போய் வந்தவர்கள் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள். ஆனால், இந்த நாலே கால் மணி நேரமும்கூட முழுப் பயண நேரம் இல்லை என்பதை நம் திட்ட அறிக்கைகள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும் ஒருவருக்கு சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு, இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. வடசென்னைக்குப் புதிய விமான நிலையம் எவ்வளவு பயன்படும், எவ்வளவு பாரமாகும் என்பதை முடிவு செய்ய வேண்டிய இந்தக் காலத்தில், அந்தக் கேள்வியை வாசற்படியிலிருந்தே கேட்க வேண்டியிருக்கிறது.

தூரத்தை அளப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அந்தக் கதைக்கும் மீனம்பாக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பரங்கிமலையில்தான் 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி அளந்த கோடு அது. இந்தியாவின் மகா முக்கோண அளவைப் பணிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. வரைபடம் போடுவதோடு, பூமி எந்த அளவுக்கு வளைந்திருக்கிறது, ஒரு பாகை எத்தனை நீளம் என்பதையும் அறிவதே லாம்டனின் நோக்கமாக இருந்தது. இன்று இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரம் சொல்லும் எந்தக் கணக்கும் அந்த வளைவின் மேல்தான் நிற்கிறது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வில்லின் நீளம்தான் வான்வழித் தூரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அந்த வில் 26 பாகைக்குச் சற்று அதிகம், துபாய்க்கும் அப்படியே. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கிக்கொண்டால் 2,900 சொச்சம் வந்துவிடும். விமானியின் முன்னாலுள்ள கருவியும், எண்ணூர்ப் படகில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியும் இந்தக் கடல் மைலில்தான் பேசுகின்றன.

தூரம் மாறாது, நேரம் மாறும். பெரிய பயணிகள் விமானம் மேலே போய் நிலைப்பட்டபின் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் 2,900 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே போதும். டிக்கெட்டில் நாலே கால் வரக் காரணங்கள் பல. வாயிலிலிருந்து பின்னுக்கு நகர்ந்து ஓடுபாதை முனைக்குப் போய் வரிசையில் நிற்பது, மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் மெதுவாகப் போவது, இறங்க இடம் கிடைக்கும்வரை வானத்தில் சுற்றுவது, தாமதமானாலும் சொன்ன நேரத்தில் வந்தோம் என்று காட்ட விமான நிறுவனங்கள் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். அடுத்தது காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக வலுவான மேல்வானக் காற்றோட்டம் ஓடுகிறது. அதனால் துபாய்க்குப் போகும் விமானம் எதிர்காற்றில் போகிறது, திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. போக வர நேரம் ஒன்றாக இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானத்தில் நிலைமை தலைகீழாகி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் எழுகிறது. அதை 1958இல் உலகுக்கு விளக்கிச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையின் விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இந்தக் கரையில் கோடையில் வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டம் ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஒரே இடத்துக்கு ஒரே படகு போனாலும் டீசலும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

இவ்வளவு நுணுக்கமாக நிமிடங்களை எண்ணும் விமானத் தொழிலில், வேகம் மட்டும் அறுபது வருடங்களுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707 பறந்த வேகத்துக்கும் இன்றைய விமானம் பறக்கும் வேகத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் 2003இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு இன்றுவரை வேறொன்று வரவில்லை. எரிபொருள் மிச்சமாகிறது, சத்தம் குறைந்திருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 15,000 கிலோமீட்டருக்கு மேல் இறங்காமல் பறக்க முடிகிறது. ஆனால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண் மாறவில்லை. நாளைக்கே ஒரு நிறுவனம் பத்து சதவீதம் வேகமாகப் பறக்கும் விமானத்தைக் கொண்டுவந்தாலும் சிங்கப்பூர்ப் பயணத்தில் மிச்சமாவது சுமார் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் ஒரு கண்டெய்னர் லாரி வரிசை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். ஆகவே, பயண நேரத்தை இனிக் குறைக்க வேண்டுமானால் அது தரையில்தான் நடக்க வேண்டும். தரையில் நேரம் கூடினால் அதை ஈடுகட்ட வானத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தின் தென்கரையில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். அங்கிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலைவழி 40ஐ ஒட்டி வரும். விமானம் இந்தத் தூரத்தை இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். தரையிலோ எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று நகரத்தின் வடமுனையிலிருந்து தென்முனை வரை ஊரையே ஊடறுத்துப் போக வேண்டும். துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும் இதே சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. எண்ணூர், மணலிச் சாலைகளை அகலப்படுத்தும் திட்டம் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போனதை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். சாலை சும்மா கிடக்கும் நேரத்தில் ஒன்றேகால் மணியில் போய்விடலாம். ஆனால் விமானத்தைத் தவறவிட்டால் சீட்டுப் பணமும் போகும், வேலையும் போகலாம் என்ற பயத்தோடு கிளம்புகிறவர் சும்மா கிடக்கும் சாலையை நம்பிப் புறப்பட மாட்டார். இரண்டு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வந்து நிற்கச் சொல்கிறார்கள். அதற்குமேல் நாலே கால் மணி நேரப் பறப்பு, அங்கே இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது என்று ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் பத்தே கால் மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஜெட் விமானத்தில் போகிறவரின் சராசரி வேகம் மணிக்கு 290 கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. இதே கணக்கை லண்டனுக்குப் போட்டால், 8,200 கிலோமீட்டருக்கு மேலான தூரம் என்பதால், சராசரி 470 வரை ஏறுகிறது. தூரம் குறையக் குறையத் தரையின் பாரம் கூடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

மெட்ரோ ரயில் வந்ததும் இந்தக் கணக்கு ஓரளவு மாறியது என்பதை மறுக்க முடியாது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட நீலப் பாதை, வடசென்னைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே வண்டி மாறாத ஒரு வழியைக் கொடுத்தது. ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம், அதிகபட்சம் 50 ரூபாய் கட்டணம், லாரி வரிசை கிடையாது. சென்னையில் பொதுப் போக்குவரத்துக்காகச் செலவழித்த பணத்தில் நல்ல பலன் தந்த பணிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் பாதை விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கழிமுகம் வரை எஞ்சியுள்ள சில கிலோமீட்டர்களுக்குப் பேருந்து, ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் கத்திவாக்கம், எண்ணூர் நிலையங்களில் நிற்கும் மின்சார ரயில் என்று தேட வேண்டும். அதைவிடப் பெரிய குறை நேரத்தில் இருக்கிறது. மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது. வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில் கிளம்புகின்றன, வந்து இறங்குகின்றன. அந்த நேரத்தில் ரயில் இல்லை, பேருந்து அரிது. இறங்குகிறவர் முதல் ரயில் வரும்வரை முனையத்திலேயே காத்திருக்க வேண்டும், அல்லது நகரத்தின் நீளத்துக்கு டாக்சி பிடிக்க வேண்டும். ஊரின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு இது சின்ன செலவு; எண்ணூர்க்காரருக்கு அது ஒரு நாள் கூலியைத் தாண்டிய செலவு.

வடசென்னை எப்போதும் இப்படி உலகத்தின் பின்கட்டில் இருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது. கடல் கடந்து போகிறவர்களுக்கு வாசல் சென்னைத் துறைமுகம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களை ஏற்றி இறக்கியது. அதற்குப் பிறகு அந்த வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிந்துபோனது. கடற்பயணம் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டது உண்மை; ஆனால் ராயபுரத்துக்காரருக்கும் காசிமேட்டுக்காரருக்கும் கப்பலடி கூப்பிடு தூரத்தில் இருந்தது. இன்றும் அந்தமானுக்குப் போகும் கப்பல் இங்கிருந்துதான் புறப்படுகிறது. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வான்வழியில் 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம், கப்பலில் சுமார் 60 மணி நேரம். கப்பலிலிருந்து விமானத்துக்கு மாறியதில் நாடு முழுவதற்கும் நாட்கள் மிச்சமாயின. அதோடு சேர்த்து, வெளியுலகின் வாசல் நகரத்தின் வடக்கிலிருந்து தெற்குக்கு நகர்ந்தது. மிச்சமான நேரம் மிகப் பெரிதாக இருந்ததால் வாசல் இடம் மாறியதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இப்போது அந்த வாசல் இரண்டாம் முறை நகரப் போகிறது. இந்த முறை வானத்தில் மிச்சமாகப் போவது ஒரு நிமிடம்கூட இல்லை.

2022 ஆகஸ்டில், சென்னையின் புதிய விமான நிலையத்துக்கான இடமாகப் பரந்தூர் அறிவிக்கப்பட்டது. படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்று நான்கு இடங்களைப் பார்த்து, கடைசியில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்படும் திட்டம். திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலையும் ஏரியையும் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அவர்கள் முன்வைக்கும் நீர், நிலம், வாழ்விடம் பற்றிய கேள்விகள் தனியாக விவாதிக்க வேண்டியவை, எந்த விதத்திலும் சின்னவை அல்ல. இங்கே பார்ப்பது நேரக் கணக்கை மட்டும். திட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘சென்னையிலிருந்து 70 கிலோமீட்டர்’ என்று ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். எந்தச் சென்னையிலிருந்து? முகத்துவாரக்குப்பத்திலிருந்து பரந்தூர் நேர்கோட்டிலேயே 70 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சாலையில் 90ஐத் தொடும். தாம்பரத்துக்கும் பூந்தமல்லிக்கும் எண்ணூருக்கும் ஒரே எண் பொருந்தாது. இத்தனை தள்ளி ஒரு ஓடுபாதையைச் சென்னை ஒருமுறை பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் மீனம்பாக்கத்தை மூழ்கடித்தபோது, அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து சில நாட்கள் பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. ஆபத்து நேரத்தில் அது பெரிய உதவி. அன்று சென்னையிலிருந்து அரக்கோணம் வரை போய் விமானம் பிடித்தவர்கள் பட்ட பாடு, நாளை வடசென்னைக்காரருக்கு வழக்கமாகிவிடக் கூடாது.

மீனவக் குப்பத்திலிருந்து யார் விமானத்தில் போகிறார்கள், இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வி வடசென்னையைப் பற்றிய ஒரு பழைய நினைப்பிலிருந்து வருகிறது. சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்கிற மாலுமி இன்று தன் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதில்லை. கப்பல் எந்தத் துறையில் நிற்கிறதோ அந்த ஊருக்கு, சிங்கப்பூரோ ஃபுஜைராவோ ராட்டர்டாமோ, விமானத்தில் போய்ச் சேர்கிறான். வளைகுடாவில் கட்டுமானத்துக்கும் வெல்டிங்குக்கும் வீட்டுவேலைக்கும் போகிறவர்களில் இந்தப் பகுதி ஆண்களும் பெண்களும் உண்டு. எண்ணூர், பழவேற்காட்டுக் கழிமுகங்களில் பிடிக்கும் சேற்று நண்டுக்குச் சிங்கப்பூரில் நல்ல விலை. அது உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. நண்டுக்கு டிக்கெட் நேரம் தெரியாது, தண்ணீரை விட்டு எடுத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். வேலைக்காகப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். சுற்றுலாப் பயணி விமானத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளி மாற்ற முடியாது. ஆகவே தரை நேரம் அதிகமாக இருக்கிற ஊரில்தான், தாமதத்தைத் தாங்க முடியாதவர்களும் அதிகம் இருக்கிறார்கள்.

பத்து மணி நேரப் பயணத்தில் ஒரு மணி நேரம் கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்பது அடுத்த கேள்வி. லண்டனுக்குப் போகிறவரைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்விதான். பதினேழரை மணி நேரம் பதினெட்டரை ஆகும், அவ்வளவுதான். ஆனால் மேலே குறித்துக்கொண்டதுபோல, தூரம் குறையும்போது தரை நேரம் பயணத்தையே தீர்மானிக்கிறது. மதுரையை எடுத்துக்கொள்ளலாம். வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் போக இரண்டு, முனையத்தில் ஒன்றரை முதல் இரண்டு, மதுரையில் வெளியே வந்து ஊருக்குள் போக முக்கால் மணி என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறது. எழும்பூரிலிருந்து வேக ரயில் மதுரைக்கு ஆறு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. எண்ணூரிலிருந்து எழும்பூர் போவதையும் சேர்த்தால் ஏழேகால் ஆகும். விமானத்துக்கு ஒன்றேகால் மணி லாபம். பரந்தூரிலிருந்து பறக்க வேண்டும் என்றால் அந்த லாபம் கரைந்து காணாமல் போகும். பிறகு பல மடங்கு கட்டணம் கொடுத்து விமானத்தில் ஏற என்ன காரணம் இருக்கும்? உள்நாட்டுக் குறுந்தூர விமானங்களும் அந்தமான் விமானங்களும் எந்த நிலையத்திலிருந்து பறக்கும் என்பது, நிலையத்தைக் கட்டுவதற்கு இணையான பெரிய முடிவு என்று சொல்வது இதனால்தான்.

மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறது, புதிய நிலையம் வேண்டாமா என்று கேட்பவர்களிடம் வலுவான நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடிப் பயணிகளைத் தாண்டிவிட்ட நிலையம் அது. விரிவாக்கம் முழுதாக முடிந்தாலும் 3.5 கோடி என்பதுதான் இலக்கு. ஒரு பக்கம் அடையாறு, மறுபக்கம் மலை, சுற்றிலும் வீடுகள். பரந்தூருக்கோ 10 கோடிப் பயணிகள் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்று அரசு சொல்கிறது. அப்படியானால் கொள்ளளவுப் பிரச்சினைக்குத் தீர்வு உண்டு. தரை நேரப் பிரச்சினை மட்டும் இரட்டிப்பாகிறது. ஒரு நிலையத்தில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியவர்களின் கதி என்ன என்பதற்கு உலகத்தில் ஏற்கெனவே விடை இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1975இல் மிராபெல் நிலையத்தைத் திறந்தது. ஊருக்கு வடமேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி, விவசாயிகளிடமிருந்து பெருநிலத்தை எடுத்துக் கட்டியது. வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில், உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வாலில் என்று பிரித்தார்கள். இரண்டையும் நகரத்தோடு இணைக்கும் விரைவு ரயில் திட்டத்திலேயே நின்றுபோனது. பயணிகள் டொரண்டோவை நாடினார்கள். 1997இல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்குத் திரும்பின, 2004இல் கடைசிப் பயணிகள் விமானம் மிராபெலை விட்டுக் கிளம்பியது, பின்னர் முனையத்தையே இடித்துவிட்டார்கள். டோக்கியோவில் 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நரிட்டா 1978இல் விவசாயிகளின் கடும் எதிர்ப்புக்கு நடுவே திறந்தது. ஆனாலும் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஹானேடாவுக்குப் புதிய பன்னாட்டு முனையம் கட்டி 2010இல் திறக்க வேண்டிவந்தது. கோலாலம்பூர் வேறு மாதிரி நடந்துகொண்டது. 1998இல் திறந்த புதிய நிலையத்துக்கு நான்கே வருடத்தில் தனி ரயில் ஓடத் தொடங்கியது, 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கிறது. நம் பக்கத்து ஊர் பெங்களூரில் 2008 மே மாதம் தேவனஹள்ளி நிலையத்தைத் திறந்து பழைய எச்.ஏ.எல். நிலையத்தைப் பயணிகளுக்கு மூடினார்கள். 2025 முடிந்தும் அங்கே மெட்ரோ ஓடவில்லை. நிலையம் தூரத்தில் இருப்பது மட்டுமே தோல்விக்குக் காரணம் ஆவதில்லை. நிலையமும் இணைப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் திறக்காததுதான் காரணம்.

பரந்தூருக்கும் இணைப்பு வரப்போகிறதே என்று சொல்லலாம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை சுமார் 53 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு அறிக்கை இருக்கிறது. அது வந்தால் தி.நகருக்கும் வடபழனிக்கும் போரூருக்கும் நல்லது. விம்கோ நகரில் ஏறுகிறவர் நகரம் முழுவதையும் தெற்கே கடந்து, குறைந்தது ஒருமுறை வண்டி மாறி, பிறகு மேற்கே அத்தனை தூரம் போக வேண்டும். நிலையத்துக்கு நிலையம் நிற்கும் மெட்ரோவில் அது இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது என்பது என் கணிப்பு. இன்னொரு பதில் இதைவிட வலுவானது: எண்ணூர்த் துறைமுகப் பக்கத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை அமைகிறது. நகரத்துக்குள் நுழையாமலே ஸ்ரீபெரும்புதூரை எட்டலாம், அங்கிருந்து பரந்தூர் பக்கம். காகிதத்தில் இது எண்ணூருக்குக் கிடைத்த வரம்போல் தெரிகிறது. ஆனால் அந்தச் சாலை கழிமுகத்துக்கு அக்கரையில், துறைமுகச் சரக்கை மனதில் வைத்துத் தொடங்குகிறது. சொந்தமாகக் காரோ வாடகை வண்டியோ இருப்பவருக்கு அது பயன்படும். பேருந்தை நம்பியிருப்பவருக்குப் பயன்பட வேண்டுமானால், அந்தச் சாலையில் எண்ணூரிலிருந்து பரந்தூருக்கு இரவு பகல் ஓடும் பேருந்தை இப்போதே திட்டத்தில் எழுத வேண்டும். சரக்குக்குப் போட்ட சாலையில் மனிதர்களுக்கான வண்டி தானாக வந்துவிடாது என்பதற்கு எண்ணூர் நெடுஞ்சாலையே சாட்சி.

வடக்கிலேயே ஒரு நிலையம் கேட்டால் என்ன என்றும் சிலர் யோசிக்கலாம். இந்தக் கட்டுரை அதைக் கேட்கவில்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் ஏவும் நாட்களில் வான்வெளி மூடப்படும். நடுவே பழவேற்காடு ஏரி. பூநாரைகளும் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகளும் வந்து தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடுபாதை போடுவது பறவைக்கும் ஆபத்து, விமானத்துக்கும் ஆபத்து. அனல் மின் நிலையம், சாம்பல், துறைமுகம், 2023 டிசம்பரில் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய் என்று ஏற்கெனவே மூச்சுத் திணறும் கழிமுகத்தின் மேல் இன்னொரு பெரிய கட்டுமானத்தை இறக்குவது அநியாயம். எண்ணூருக்குத் தேவை வேகமான, இரவிலும் ஓடுகிற ஒரு வழி.

அப்படி ஒரு வழி சாத்தியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒன்றைப் பார்க்கலாம். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு விமான எரிபொருளைக் கொண்டுபோக இந்தியன் ஆயில் நிறுவனம் 95 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்திருக்கிறது. எரிபொருள் லாரியில் போனால் நெரிசலில் தாமதமாகும், விமானம் நிற்கும், அதனால் நிலத்தடியில் தனி வழி போட்டார்கள். அது சரியான முடிவு. ஆலையின் புகையையும் கழிவையும் சுமக்கும் ஊர்களிலிருந்து எரிபொருள் தங்கு தடையின்றி விமான நிலையத்துக்குப் போகிறது. அதே ஊர்களின் மனிதர்கள் லாரிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். எரிபொருளின் பயண நேரத்தை நிமிடக் கணக்கில் எண்ணத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மனிதர்களின் பயண நேரத்தை எண்ணவும் தெரியும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. இரவு 11 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் நடுவே நீலப் பாதையின் வழித்தடத்திலேயே, விமான நேரங்களை ஒட்டி, எண்ணூர் முதல் மீனம்பாக்கம் வரை மாநகரப் பேருந்து ஓட வேண்டும்; தண்டவாளப் பராமரிப்புக்கு மெட்ரோ இரவில் நின்றாலும் சாலையில் பேருந்து நிற்க வேண்டியதில்லை. விம்கோ நகரிலிருந்து கழிமுகக் குப்பங்கள் வரை முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும் பொருந்துகிற இணைப்புப் பேருந்து வேண்டும். லாரிகள் சாலையோரம் நிற்காமல் துறைமுகத்தின் உள்ளேயே காத்திருக்க இடம் ஒதுக்க வேண்டும். அந்தமான், மதுரை, கோவை, தூத்துக்குடி, திருச்சி விமானங்களும் ஒப்பந்தத் தொழிலாளிகள் அதிகம் செல்லும் வளைகுடா, சிங்கப்பூர் விமானங்களில் போதுமான பங்கும் மீனம்பாக்கத்திலேயே தொடர வேண்டும். பரந்தூருக்காகத் தயாராகும் ஒவ்வொரு போக்குவரத்து ஆய்விலும் ‘சென்னையிலிருந்து 70 கிலோமீட்டர்’ என்ற ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு, எண்ணூர், திருவொற்றியூர், மணலி, ராயபுரம் ஆகிய ஊர்களிலிருந்து இரவு 12 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொதுப் போக்குவரத்தில் எத்தனை நிமிடம் ஆகும் என்று அட்டவணை போட்டு, முதல் கல் நடுவதற்கு முன்பே வெளியிட வேண்டும்.